கொடி அடக்கம்

ஜனவரி 6, சனி

துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு என் வேலை. கிரேனுக்குத் தினமும் குறிப்பு எழுதுகிறேன், எனக்கென்று எழுதியதில்லை. கம்பெனியில் புது வருஷத்துக்கு டைரி கொடுத்தார்கள். வீணாகப் போக வேண்டாம்.

இன்று நானும் அம்மாவும் மட்டக்கடைப் பகுதியில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் ஜெனோவா. ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன், ரத்தம் எடுப்பாள். அவள் அப்பா ததேயு சார், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை, இறந்து ரொம்ப காலமாகிறது. வீடு சுத்தம். சுவரில் சாரின் பழைய போட்டோ, பெரிய மீசையோடு. இப்போது மீசை இல்லை. எடுத்தது நல்லது, முகம் தெரிகிறது. துணியெல்லாம் ஒரே மஞ்சள். தட்டுக்கு அடியில் மஞ்சள், ஃபிளாஸ்கைச் சுற்றி மஞ்சள், சூடான பாத்திரத்தைப் பிடித்து வந்ததும் மஞ்சள். ஓரத்தில் நீல நூலில் இரட்டை மடிப்புத் தையல். யார் தைத்தாலும் ஒழுங்காகத் தைத்திருக்கிறார்கள். மீன் கட்லெட் பிரமாதம்.

ததேயு சார் சும்மா இருந்திருக்கலாம். "தம்பிக்கு ஃபுட்பால்ல ஈடுபாடு உண்டோ?" என்று கேட்டுவிட்டார். அம்மா என் முழங்காலைக் கிள்ளினாள். பயனில்லை.

சொன்னேன். ஆறு வருஷத்துக்கு முன் முத்துக்கோப்பை ஃபைனல். எங்கள் லாசர் கல்லூரியும் அந்த ஹென்றி கல்லூரியும். ஆட்டம் முடியும் நேரத்தில் எங்கள் மானுவேல் தூரத்திலிருந்து ஒன்று அடித்தான், வலை கிழிகிற மாதிரி. லைன்ஸ்மேன் ஆஃப்சைடு என்று, அதாவது எங்கள் ஆள் எதிரணி டிஃபெண்டர்களைத் தாண்டி நின்றான் என்று, கொடியைத் தூக்கிவிட்டான். கோல் செல்லாது. டை பிரேக்கரில் தோற்றோம். மானுவேலுக்குப் பாஸ் வந்த நொடியில் அவன் ஆஃப்சைடில் இல்லை என்பதை நான் செல்போன் வீடியோவையும் கோல்போஸ்ட் நிழலையும் வைத்துக் கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறேன். படம் வரைந்து லேமினேட் செய்து பையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துக் காட்டினேன்.

"அந்த லைன்ஸ்மேன் யாருன்னு தெரியுமா தம்பி?"

"தெரியாது சார். வெளியூர்க்காரன்னு பேச்சு. ஃபுட்பால் சங்கத்துல பேரு கேட்டோம், தரல. நாங்க கொடிக்காரன்னு சொல்லுவோம். பெரிய மீசை, தொப்பி, தொப்பை."

சார் மூச்சை உள்ளே இழுத்து நிமிர்ந்தார். "தொப்பை பெருசோ?"

"கோட்டோரமா ஓடுத ஆளுக்கு அது பெருசுதான் சார்."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து ஃபைனல் அன்று நாங்கள் நடத்தும் கொடி அடக்கத்தையும் சொன்னேன். ஒரு மஞ்சள் கொடியில் மையால் சிலுவை போட்டு, பெட்டியில் வைத்து, மைதானத்தைச் சுற்றித் தூக்கிப் போய், மூலையில் உடைமரத்தடியில் புதைப்போம். ஒப்பாரி நான் எழுதி நானே பாடுவேன். சார் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நிழல் கணக்கு முடியாததால் நான் நிறுத்தவில்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

ஜெனோவாவோடு வராந்தாவில் தனியாகப் பேசவிட்டார்கள். ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஒப்பாரி சொந்தமா எழுதுததா?"

"ஆமா."

"நல்லா எழுதுதீங்க."

ஒரு வரிகூட நான் பாடிக் காட்டவில்லை. மரியாதைக்குச் சொல்லியிருப்பாள். வலது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. இடதில் இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரி 7, ஞாயிறு

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா நம்பவில்லை, இரண்டாவது தடவை போன் போட்டு உறுதி செய்தாள். "நீ பேசின பேச்சுக்கு நாய்கூட சம்மதிக்காது" என்றாள்.

எனக்கு இன்று ஷிஃப்ட் இருந்தது, வேலைக்குப் போனேன். மூன்றாம் கிரேனுக்கு கியர் ஆயில் மாற்ற வேண்டும். ஐந்தாம் கிரேனுக்கு மாற்றிவிட்டேன். பெரிய விஷயமில்லை. அதற்கும் என்றைக்காவது மாற்ற வேண்டியதுதான்.

ஜனவரி 11, வியாழன்

நிச்சயம் முடிந்தது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, அதனால் அது தொடங்குமுன் கல்யாணம், பிப்ரவரி 5. அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று. அந்த மூன்று ஞாயிறும்தான் முத்துக்கோப்பை கால் இறுதி, அரை இறுதி, ஃபைனல். காலையில் ஓலை, மாலையில் ஆட்டம். இதைவிட நல்ல அட்டவணை யாராலும் போட முடியாது.

மோதிரம் போடும்போது கை நடுங்கியதாக அம்மா சொல்கிறாள். ஏசி அதிகம்.

ஜனவரி 12, வெள்ளி

லாசர் ரசிகர் மன்றக் கூட்டம். கூட்டம் என்றால் பெர்க்மான்ஸ் வீட்டு வாசலில் பரோட்டா. பெர்க்மான்ஸ் என் கூடப் படித்தவன், அந்த ஃபைனலில் பதினொன்றாம் நம்பர் போட்டு ஆடியவன். இப்போது மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறான். அடக்கத்துக்குத் தெர்மகோல் பெட்டி அவன் உபயம், இறால் வாசனையோடு. பெட்டியின் முன்பக்கத்தை வருஷா வருஷம் அவன்தான் பிடிப்பான்.

இன்று மைதானத்துக்குப் போய், போன வருஷம் புதைத்த பெட்டியைத் தோண்டினோம், இந்த வருஷத்துக்கும் அதுதான். வழக்கம்போலப் பெட்டி முழுசாக இருந்தது, கொடியைக் காணோம்.

"எல்லா வருசமும் இப்டித்தாம்ல இருக்கு," என்றான் பெர்க்மான்ஸ். "கொடி எங்க போவுது?"

"உப்பு மண்ணு. பருத்தி மக்கிரும். தெர்மகோல் மக்காது. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"மூடி மேல கல்லு வச்சிட்டுல்ல போனோம்? கல்லு தள்ளிக் கெடக்கு."

"பன்னி தள்ளியிருக்கும்."

வீட்டுக்கு வந்து புதுக்கொடி தைத்தேன். அம்மா மிஷினில் நீல நூல்தான் இருந்தது. எப்போதும் அதுதான் இருக்கிறது, மொத்தமாக வாங்கியது. இரட்டை மடிப்பு போட்டேன். அடக்கம் பண்ணுகிற துணியாக இருந்தாலும் ஓரம் பிரியக் கூடாது.

ஜனவரி 14, ஞாயிறு

முதல் ஓலை. சாமியார் என் பெயரை வாசித்ததும் பின் பெஞ்சில் பெர்க்மான்ஸ் இருமினான். அம்மா கண்ணைத் துடைத்தாள். நான் கோயில் மின்விசிறியைப் பார்த்தேன், பேரிங் போய்விட்டது.

மாலை கால் இறுதி. லாசர் மூன்று, எதிரணி ஒன்று. மூன்றாவது கோலுக்கு நான் யார் தோளில் ஏறினேன் என்று தெரியவில்லை. இறங்கிய பிறகு அவர் கோபப்படவில்லை, கல்யாண வாழ்த்து சொன்னார். ஊரே நல்ல ஊராக இருக்கிறது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். லீவு. ஜெனோவா போன் செய்தாள். பேசினோம். என்ன பேசினோம் என்று எழுத உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 17, புதன்

பேரிடி.

போனில் ஜெனோவாவிடம் சாதாரணமாகக் கேட்டேன், எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று.

"ஹென்றி."

"எந்த ஹென்றி?"

"எத்தன ஹென்றி இருக்கு நம்ம ஊர்ல?"

ஜாதகம் பார்க்கிறவர்களாவது எதையாவது பார்க்கிறார்கள். நாங்கள் பயோடேட்டாவில் பட்டத்தைப் பார்த்தோம், கல்லூரியைப் பார்க்கவில்லை. போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்ன, ஆட்சேபணையா?" என்றாள். "இன்னும் ரெண்டு ஓலை இருக்கு. சாமியார்ட்ட போய்ச் சொல்லுங்க. மாப்பிள்ளையே தடை சொன்ன மொதக் கேஸா இருக்கும்."

"நீ மேட்ச் எல்லாம் பாப்பியா?"

"நான் மேளம் அடிப்பேன்."

ஹென்றி காலரியில் அந்த மேளத்தை நான் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆள் பெனால்டி அடிக்கப் போகும்போதெல்லாம் சரியாக அடிக்கும் மேளம். மனசாட்சி இல்லாத மேளம்.

சாமியாரிடம் போகவில்லை. வேலை இருந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை சொல்ல யாரும் வரவில்லை. நானும்தான்.

அரை இறுதி. டை பிரேக்கரில் ஜெயித்தோம். என் தொண்டை போய்விட்டது, சத்தமே இல்லை. அடுத்த ஆட்டத்தில் ஹென்றி ஜெயித்தது. ஆக ஃபைனல் மறுபடி லாசர், ஹென்றி.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது ததேயு சார் தேடி வந்தார், தொப்பி போட்டுக்கொண்டு. "ஜெனோவா கொடுத்துவிட்டா. சுக்கு வெந்நி. தொண்டைக்கு நல்லது மாப்பிள்ளை" என்று ஃபிளாஸ்கைக் கொடுத்தார். எனக்குத் தொண்டை கட்டியது ஹென்றி காலரியில் இருந்த அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன், சத்தம் வரவில்லை.

குடித்தேன். காரம். ஃபிளாஸ்கைச் சுற்றி மஞ்சள் துணி. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 22, திங்கள்

நீல நூல்.

ஜனவரி 23, செவ்வாய்

மதியம் லீவு போட்டுவிட்டு அவள் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் இல்லாமல் லேப் உள்ளே விடமாட்டார்களாம். சர்க்கரைப் பரிசோதனைக்குக் காசு கட்டி டோக்கன் வாங்கினேன். என் முறை வந்தது. உட்கார்ந்தேன்.

"சாப்பிட்டீங்களா, வெறும் வயிறா?"

"நான் ஒண்ணு கேக்கணும்."

"அத மொதல்ல சொல்லுங்க. அதுக்குத் தக்கனதான் ட்யூப்."

"சாப்பிட்டேன். அந்த மஞ்சத் துணி நான் தச்சது."

"கைய நீட்டுங்க."

ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசியை ஏற்றினாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"கொடிக்காரன் எங்க அப்பாதான். அசையாதீங்க, ஊசி உள்ள இருக்கு."

அசையவில்லை. வாயைத் திறந்தேன். "பேசினா நரம்பு வழுக்கும்" என்றாள். அது பொய் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நம்பினேன்.

அந்த ஃபைனல் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சார் ஸ்கூட்டரில் கல் விழுந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் மீசையை எடுத்தார். லைன்ஸ்மேன் வேலையையும் அன்றோடு விட்டார். பேச்சும் குறைந்துவிட்டது. அடுத்த வருஷம் ஃபைனல் பார்க்கணும் என்று அவராகக் கேட்டிருக்கிறார். துணைக்கு இவள் போயிருக்கிறாள். எங்கள் ஊர்வலம் வந்திருக்கிறது.

"அப்பா அழப் போறாருன்னு பயந்துட்டேன். கடலை வண்டியப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. பாத்தா சிரிக்காரு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்காரு. ஒரு வருசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சாரு. நீங்கெல்லாம் போனப்புறம் நான் தோண்டி எடுத்தேன். நல்ல காட்டன், மண்ணுல விட மனசு வரல. சிலுவை போட்ட மையெல்லாம் ஸ்பிரிட் வச்சித் தொடச்சா போயிரும். அதுக்கப்புறம் வருசா வருசம் அடக்கம் பாக்க வருவோம். எல்லாத்தயும் எடுத்துட்டேன்."

பன்னி தள்ளவில்லை.

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டாள். எனக்குப் பேசலாமா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிக் கேட்டேன்.

"பேசலாம்."

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் சரின்னு சொன்ன?"

"ஒப்பாரி எழுதுத ஆள்ட்ட நேர்ல பேசணும்னு அஞ்சு வருசமா ஆச. பொண்ணு பாக்கன்னு வந்து நிக்கீங்க. சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா காதே இல்லாத ஆளா இருக்கீங்க. அப்பா ரெண்டு தடவ வாயத் திறந்தாரு, நீங்க விடல. அன்னைக்கு ஏன் கொடி தூக்குனீங்கன்னு இந்த ஊர்ல ஒருத்தர்கூட அவர்ட்ட கேட்டதில்ல. நீங்க போய்க் கேளுங்க. அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேளுங்க. கேட்டீங்கன்னா மூணாம் ஓலை. இல்லன்னா சாமியார்ட்ட நானே போய்த் தடை சொல்லிருவேன்."

"இது மிரட்டல்."

"ஆமா. அடுத்த டோக்கன்."

சர்க்கரை சரியான அளவில் இருக்கிறது.

ஜனவரி 24, புதன்

மூன்றாம் கிரேன் லிமிட் ஸ்விட்ச் பழுது. கொக்கி மேலே போனால் தானாக நிற்க வேண்டும், நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. பழுது எது என்று கண்டுபிடித்து மாற்ற ஒரு ஷிஃப்ட் ஆனது. அம்மாவிடம் சொன்னேன். "உனக்கும் அதுதான்" என்றாள்.

ஜனவரி 25, வியாழன்

மாலை மட்டக்கடை போனேன். லேமினேட் படம் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"மாமா, அன்னைக்கு ஏன் கொடி தூக்குனீங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, மேசையில் இருந்த மீன் கட்லெட்டை முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன். வாய் காலியாக இருந்தால் எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை.

சார் என்னைப் பார்த்தார், கட்லெட்டைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். ஜெனோவா கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். பிறகு சார் எழுந்து டம்ளர்களை எடுத்து வந்து மேசையில் அடுக்கினார். ஊறுகாய் ஜாடி கோல்கீப்பர்.

"இது மானுவேல். பாஸ் வாங்கும்போது இங்கன நிக்கான். சரியான இடம். உங்க படம் சரி மாப்பிள்ளை. அவன் ஆஃப்சைடு இல்ல."

எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. இரண்டாவது கட்லெட்டைப் போட்டேன்.

"ஆனா நான் மானுவேலுக்குக் கொடி தூக்கல."

சார் இன்னொரு டம்ளரை ஊறுகாய் ஜாடிக்கு நேர் முன்னால் வைத்தார்.

"மானுவேல் பந்த அடிக்கும்போது பாத்தா, பதினொண்ணாம் நம்பர் இங்கன நிக்கான். எல்லா டிஃபெண்டரயும் தாண்டி, கீப்பர் மூஞ்சிக்கு முன்னால. பந்து அவன் கால்ல படல. பட வேண்டாம், கீப்பர் கண்ண மறைச்சாலே தப்புதான். ரெஃபரி ஓடி வந்து கேட்டாரு. பதினொண்ணுன்னு சொன்னேன். அந்தக் கூச்சல்ல வேற யாருக்குக் கேட்டிருக்கும்."

மூன்றாவது கட்லெட் எடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

ஆறு வருஷம். கணக்கு சரி. ஆள் தப்பு, நொடி தப்பு. மல்டிமீட்டரைச் சரியாகப் பிடித்து வேறு ஒயரை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

சார் பேசி முடித்து நாற்காலியில் சாய்ந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. "கட்லெட் இன்னும் ரெண்டு வைம்மா" என்று சத்தமாகச் சொன்னார். நிலைப்படியில் ஆள் இல்லை. உள்ளே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. வெங்காயமாக இருக்கும்.

ஜனவரி 26, வெள்ளி

லீவு. பெர்க்மான்ஸ் வீட்டுக்குப் போனேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, அந்த ஃபைனல்ல மானுவேல் அடிக்கும்போது நீ எங்க நின்ன?"

தேய்ப்பதை நிறுத்தினான். ரொம்ப நேரம் வாய் கொப்பளித்தான்.

"கீப்பர் முன்னால," என்றான்.

"தெரியுமா உனக்கு?"

"ரெஃபரி என்னயக் காட்டித்தானே ஊதுனாரு."

"அப்ப எதுக்குலே வருசா வருசம் பெட்டியத் தூக்குன?"

"மொத வருசம் சொல்லலாம்னுதான் வந்தேன் மக்கா. நீ ஒப்பாரிய எடுத்துவிட்ட. அப்டியே நின்னுட்டேன். அவ்வளவு அழகா யாரும் அழுது நான் பாத்ததில்ல. அதக் கெடுக்க மனசு வரல."

அடிக்கத்தான் போனேன். இட்லி வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒப்பாரியை மாற்றி எழுத வேண்டும்.

ஜனவரி 28, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

காலை மூன்றாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்து நிமிர்ந்தார். நான் பெண்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஜெனோவா எழுந்தாள். நானும் பாதி எழுந்துவிட்டேன். முக்காட்டைச் சரி செய்துவிட்டு உட்கார்ந்தாள். வேண்டுமென்றே செய்தாள். கன்னத்தில் குழி தெரிந்தது.

மாலை மைதானம். ஆட்டத்துக்கு முன் கொடி அடக்கம். பெட்டியின் முன்பக்கம் பெர்க்மான்ஸ், பின்பக்கம் நான். லாசர் காலரி முழுக்க எழுந்து நின்றது. எல்லோருக்கும் பழைய ஒப்பாரி மனப்பாடம்:

மஞ்சச் சேல கட்டி வந்து
மானுவேல் கோல மறிச்சவளே
கண்ணு கெட்ட கையில போய்
காத்தாடிட்டுச் செத்தவளே

நான் புதுசைத் தொடங்கினேன். தொண்டை இன்னும் கரகரதான், ஒப்பாரிக்கு அது பொருத்தம்.

ஆறு வருசம் அழுதமடி
ஆளு மாறி அழுதமடி
பதினொண்ணு நின்ன இடம்
பாழுங்கண்ணு பாக்கலையே

காலரியில் பின்பாட்டு நின்றது. பெர்க்மான்ஸ் திரும்பிப் பார்த்தான். நான் நடையை நிறுத்தவில்லை, அவனும் நிறுத்த முடியாது, பெட்டி இருக்கிறது. உடைமரத்தடிக்கு வந்தபோது அங்கே ததேயு சார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஜெனோவா. அவள் கையில் ஐந்து மஞ்சள் கொடிகள், துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தாள்.

"இவர்தான் கொடிக்காரர்," என்றேன். "எங்க மாமா."

கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், "பதினொண்ணுதானா சார்?"

"பதினொண்ணுதான்."

எல்லோரும் பெர்க்மான்ஸைப் பார்த்தார்கள். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். "நான்தாம்ல. இப்ப என்ன?"

கடலைத் தோல் மழையாக விழுந்தது. ஒரு ஆள் அவன் செருப்பைக் கழற்றினார், இன்னொரு ஆள் கொடியை எடுத்துவிட்டுச் செருப்பைப் பெட்டிக்குள் வைத்தார். அதைப் புதைத்தோம். நான் இன்னொரு தரம் பாடினேன். இந்தத் தடவை பின்பாட்டு மைதானம் தாண்டிக் கேட்டது. ததேயு சார் கடலை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஆட்டம். ஜெனோவா ஹென்றி காலரிக்குப் போய் மேளத்தை மாட்டிக்கொண்டாள். மாமா என் பக்கத்தில், லாசர் காலரியில். பெர்க்மான்ஸ் வெறுங்காலோடு. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் போகிற நேரம் எங்கள் பையன் ஒருவன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். நான் ஆகாயத்தில் இருந்தேன். இறங்கும்போது எதிர்ப் பக்கம் லைன்ஸ்மேன் கொடி தூக்கியிருந்தான்.

காலரி முழுக்க என்னைப் பார்த்தது. ஆஃப்சைடு விஷயத்தில் இந்தப் பக்கத்துக்கு நான்தான் தீர்ப்பு. வாயைத் திறந்தேன். மூடினேன்.

"மாமா, நீங்க சொல்லுங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மொத்தக் காலரியும் காத்திருந்தது.

"ஆஃப்சைடு இல்ல," என்றார். "தலையால அடிச்ச பையனுக்கு முன்னால டிஃபெண்டர் நிக்கான். அந்தக் கொடி தப்பு."

அதற்குப் பிறகு நடந்த கூச்சலில் ரெஃபரி காதைப் பொத்திக்கொண்டார். கோல் செல்லவில்லை. டை பிரேக்கர். அந்த மேளம். தோற்றோம்.

தோற்ற வருத்தம் வரவில்லை. வர நேரமில்லை. மாமா எழுந்து நின்று, "மாப்பிள்ளை, அந்தப் பெட்டிய எடுங்க" என்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது. பெர்க்மான்ஸ் செருப்பு உயிர்த்தெழுந்தது. புதுக்கொடியைப் பெட்டியில் வைத்தோம். தூக்கப் போனபோது மாமா என் தோளைப் பிடித்தார்.

"இருங்க. மொதல்ல அந்தப் பையன்ட்ட ஏன் தூக்குனன்னு கேட்டுட்டு வந்திருவோம். யாராவது கேக்கணும்லா."

போனோம். இளவயசு லைன்ஸ்மேன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். சவப்பெட்டியோடு ஒரு காலரியே வருவதைப் பார்த்து ஒரு ஷூவோடு எழுந்துவிட்டான். மாமா கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். தான் மட்டும் போனார்.

"பயப்படாதீங்க தம்பி. நானும் கொடி பிடிச்ச ஆளுதான். அது யாருக்குத் தூக்குனீங்க?"

"பதினாலுக்கு சார். கீப்பர் முன்னால நின்னு மறைச்சான். தலையால அடிச்ச பையன் சரியாத்தான் நின்னான்."

மாமா கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அதே முகத்தை வியாழக்கிழமை என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். மாமாவுக்கு வந்தது. அவர் அடக்கவில்லை. பிடித்துக்கொள்ளக் கடலை வண்டி இல்லை, என்னைப் பிடித்துக்கொண்டார். மேளத்தோடு ஜெனோவா ஓடி வந்தாள். "லாசர் காலரில ஒரு மணி நேரம் உக்காந்ததுக்கே கண்ணு போச்சாப்பா?" என்றாள். அந்தப் பையனுக்கு வீட்டிலிருந்து கொண்டு வந்த கட்லெட்டைக் கொடுத்தார்கள். புதுக்கொடியை மாமா அவனிடமே கொடுத்துவிட்டார். "நல்ல காட்டன்" என்றார்.

நான் மாமாவைக் கேட்டேன் என்பதை அவள் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். "வாயத் திறந்து மூடுனீங்கள்ல, பாத்தேன்" என்றாள். அந்தக் கூட்டத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து என் வாயை எதற்குப் பார்த்தாள் என்று கேட்கவில்லை.

ஜனவரி 29, திங்கள்

தொண்டை இல்லை. மாமா இரண்டு முறை போன் செய்தார். பதினான்கு கீப்பரை மறைத்ததாக அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லையாம். வீட்டில் டம்ளர்களை அடுக்கி வைத்திருக்கிறாராம், யாரையும் தண்ணீர் குடிக்க விடுவதில்லையாம்.

பிப்ரவரி 5, திங்கள்

கல்யாணம் முடிந்தது. பெர்க்மான்ஸ் புதுச் செருப்பு போட்டு வந்தான். மோதிரம் மாற்றும்போது என் கை நடுங்கியது. கோயிலில் ஏசி கிடையாது.

விருந்தில் மாமா எங்கள் மேசைக்கு வந்து உப்புக் கிண்ணத்தையும் தண்ணீர் பாட்டில்களையும் நகர்த்தி வைத்தார். "மாப்பிள்ளை, அந்தப் பதினாலு நின்ன இடத்துல நிழல் எவ்வளவு விழும்? உங்க முறையில ஒரு கணக்குப் போட்டுப் பாத்தா என்ன?"

எனக்கு விடை தெரியும். அன்று ஆட்டம் முடிந்த நேரம், சூரியன் நின்ற இடம், கோல்போஸ்ட் உயரம், எல்லாம் தெரியும். வாயைத் திறந்தேன்.

ஜெனோவா ஒரு கட்லெட்டை எடுத்து என் வாயில் வைத்தாள்.

போட்டோக்காரர் அதை எடுத்துவிட்டார். மனைவி ஊட்டிவிடுகிற படம் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.